ஃபண்ட் ஆரம்பிக்கப் போறீங்களா, நோக்கம்னு எழுதுற அந்த வரிய முதல்ல பாருங்க

எங்க கணக்கு டீச்சர் தவறிப்போனப்புறம் பழைய ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல சேந்தோம், அவங்க பேர்ல ஏதாவது பண்ணணும்னு ஒருத்தர் சொல்ல, மத்தவங்க மளமளன்னு பணம் போட ஆரம்பிச்சாங்க. பணம் சேந்துருச்சு. அதுக்கப்புறம் தான் தலைவலி. சொந்தமா ஒரு டிரஸ்ட் பதியலாம்னு பாதிப் பேர், அதெல்லாம் வேணாம், ஸ்கூல்கிட்டயே குடுத்துரலாம்னு மீதிப் பேர். டிரஸ்ட்னா பதிவு பண்றதோட முடியாது, வருஷா வருஷம் கணக்கு, ஆடிட், வரி ஃபைலிங், மீட்டிங் மினிட்ஸ், டிரஸ்டி ஒருத்தர் வெளிநாடு போயிட்டா இன்னொருத்தர நியமிக்கிறது, இதையெல்லாம் யார் பாக்கப் போறாங்கன்னு கேட்டா குரூப்ல ஒரே அமைதி. ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் ஹார்ட் எமோஜியா போட்டுட்டு இருந்த குரூப் தான் அது.

அப்ப தான் எங்க சீனியர் அக்கா ஒருத்தங்க, "ஏம்ப்பா, நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் இருக்கே, அதுக்குள்ள ஒரு ஃபண்டா வெச்சிரலாமே"ன்னு சொன்னாங்க. எனக்கு அது என்னன்னே தெரியாது. ஏதோ பெரிய பணக்காரக் குடும்பத்தோட டிரஸ்ட் போலன்னு நெனச்சேன், ஆனா அப்படி இல்ல. ஒரு குடும்பமோ ஒரு கம்பெனியோ நடத்துறது வேற. இது ஒரு குறிப்பிட்ட ஊருக்கு, இல்ல ஒரு மாவட்டத்துக்குன்னே இருக்குற பொது அறக்கட்டளை. பல பேர் போட்ட பணம் தனித்தனி ஃபண்டா அவங்கவங்க பேர்லயே கணக்குல இருக்கும், ஆனா முதலீடு பண்றது எல்லாம் ஒண்ணா சேத்து, ஆடிட் ஒண்ணு, ஆபீஸ் ஒண்ணு, போர்டு ஒண்ணு. நம்ம வேல பணம் போடுறதும் எதுக்குன்னு சொல்றதும் தான், மத்த பேப்பர் வேல எல்லாம் அவங்க தலையில. உலகம் முழுக்க இந்த மாதிரி 1,800-க்கும் மேல இருக்காம்.

சரின்னு நாங்க மூணு நாலு பேரு போய் அந்த ஆபீஸ்ல பேசினோம். நாங்க ஒரு பேப்பர்ல நோக்கம் எழுதி எடுத்துட்டுப் போயிருந்தோம். அந்த ஸ்கூல்ல பத்தாவதுல கணக்குல முதல் மார்க் வாங்குற ஏழை மாணவிக்கு வருஷா வருஷம் பரிசு. பெருமையா நீட்டினோம். அங்க இருந்த மேடம் படிச்சுட்டு ரொம்ப சாதாரணமா கேட்டாங்க, "ஸ்கூல் மூடிட்டாங்கன்னா? வேற ஸ்கூலோட சேத்துட்டாங்கன்னா? பத்தாவதுக்கு மார்க்கே வேணாம்னு அரசாங்கம் முடிவு பண்ணிட்டா? முதல் மார்க் வாங்குன பொண்ணு வசதியான வீட்டுப் பொண்ணா இருந்தா அந்த வருஷம் என்ன பண்ணுவீங்க?" எங்ககிட்ட பதில் இல்ல. குரூப்ல ஒரு அண்ணனுக்கு கோவம் கூட வந்துச்சு, நம்ம பணம், நம்ம இஷ்டம், இவங்க என்ன கேள்வி கேக்குறதுன்னு.

ஆனா இந்த மாதிரி ஃபவுண்டேஷனே உருவானது இந்தக் கேள்வியால தான்னு அன்னைக்கு அவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது, அப்புறம் நானும் தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல கிளீவ்லாண்ட் நகரத்துல ஃபிரெடரிக் கோஃப்னு ஒருத்தர், வக்கீலா இருந்து அப்புறம் கிளீவ்லாண்ட் டிரஸ்ட் கம்பெனிங்கிற பேங்க்குக்கு தலைவரா வந்தவர். உயில்ல தர்மத்துக்குன்னு எழுதி வெச்ச பணம் எல்லாம் பேங்க் பொறுப்புல இருக்கும், எழுதினவர் செத்து பல வருஷம் ஆயிருக்கும், அவர் சொன்ன தேவையே ஊர்ல இருக்காது, ஆனா எழுத்த மாத்த முடியாது, பணம் சும்மா கெடக்கும். செத்தவங்க கை வந்து உயிரோட இருக்குறவங்க பணத்த பிடிச்சு வெச்சிருக்குதுன்னு அந்தக் காலத்துல இதப் பத்தி பேசுவாங்க. இதுக்கு எல்லாரும் சொல்ற உதாரணம் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு மேயரா இருந்த பிரயன் முல்லன்ஃபி. 1851-ல இறந்தவர், தன் சொத்துல மூணுல ஒரு பங்க, மேற்குப் பக்கம் குடியேறப் போறப்ப அந்த ஊர் வழியா வர்ற ஏழைப் பயணிகளுக்கு உதவணும்னு எழுதி வெச்சுட்டுப் போனார். எழுதின காலத்துல ரொம்ப நியாயமான ஆசை, தினமும் வண்டி வண்டியா குடும்பங்கள் போயிட்டு இருந்துச்சு, வழியில காலராவுல செத்தவங்க எத்தனையோ பேர். அப்புறம் ரயில் வந்துச்சு, வண்டிங்க நின்னு போச்சு, பணம் மட்டும் நின்ன இடத்துலயே இருந்துச்சு. கடைசியில கோர்ட் வரைக்கும் போய்த்தான் அத வேற விதமா பயன்படுத்த வழி கெடச்சுது.

கோஃப் பண்ணது என்னன்னா, 1914 ஜனவரி 2-ம் தேதி பேங்க் போர்டுல ஒரு தீர்மானம் போட்டு கிளீவ்லாண்ட் ஃபவுண்டேஷன ஆரம்பிச்சார். யார் வேணா எவ்வளவு வேணா இதுல எழுதி வெக்கலாம், பணத்த பேங்க் பாத்துக்கும், ஆனா யாருக்குக் குடுக்குறதுன்னு முடிவு பண்றது அஞ்சு பேர் கொண்ட ஒரு கமிட்டி, அதுல ரெண்டு பேர மட்டும் தான் பேங்க் நியமிக்கும், மத்த மூணு பேர மேயரும் ரெண்டு நீதிபதிகளும் ஆளுக்கு ஒருத்தரா நியமிப்பாங்க. எழுதி வெச்ச நோக்கம் காலாவதியாயிட்டா அந்தக் கமிட்டியே மாத்திக்கலாம். கோர்ட்டுக்குப் போக வேணாம். இதான் சூட்சுமம். இன்னைக்கும் அமெரிக்க வரி விதியில கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் போர்டுக்கு இந்த அதிகாரம் இருந்தே ஆகணும்னு இருக்கு: ஒரு நிபந்தனை தேவையில்லாம போனாலோ, நிறைவேத்தவே முடியாம போனாலோ, ஊரோட தேவைக்கு ஒத்து வராம போனாலோ போர்டு மாத்தலாம்.

எனக்குப் பிடிச்ச இன்னொரு விஷயம், ஆரம்பத்துல அவங்க கையில குடுக்குறதுக்குப் பணமே பெருசா கெடையாது, ஏன்னா உயில் எழுதினவங்க எல்லாம் நல்லா உயிரோட இருந்தாங்க. சரி பணம் வர்ற வரைக்கும் சும்மா ஏன் இருக்கணும்னு ஊர்ல எங்க என்ன குறைன்னு சர்வே எடுக்க ஆரம்பிச்சாங்க, அதுல பள்ளிக்கூடங்களப் பத்தின சர்வே மட்டும் 25 புத்தகமா வந்துச்சு. கையில காசு இல்லாமலே ஊர்ல மரியாத சம்பாதிச்சுட்டாங்க.

எங்க கதைக்கு வர்றேன். குரூப்ல பெரிய சண்ட. டீச்சர் பேர் இருக்கணும், அந்த ஸ்கூல் பேர் இருக்கணும், கணக்கு இருக்கணும், பொண்ணுங்களுக்குத் தான் போகணும், ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிடிவாதம். கடைசியில எழுதினது ரெண்டு அடுக்கா எழுதினோம். முதல் அடுக்கு, இந்த ஸ்கூல்ல படிக்கிற, வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைங்களோட கணக்கு, அறிவியல் படிப்புக்கு உதவி. ரெண்டாவது அடுக்கு, அது முடியாத நிலைம வந்தா இந்தப் பகுதியில இருக்குற பிள்ளைங்களோட படிப்புக்கு, போர்டு எது சரின்னு நெனைக்குதோ அப்படி. பரிசுன்னு எழுதல, உதவின்னு எழுதினோம், ஏன்னா பரிசுன்னா ஒருத்தருக்கு மேடையில குடுக்குறது, உதவின்னா டியூஷனாவும் இருக்கலாம், புத்தகமாவும் இருக்கலாம், ஒரு பிள்ளைக்கு கண்ணாடி வாங்கிக் குடுக்குறதாவும் இருக்கலாம். கோவப்பட்ட அண்ணன் கூட டீச்சர் பேர் மேல இருக்குல்ல, அது போதும்னுட்டாரு. உண்மையில பேரு தான் அவருக்கு முக்கியமா இருந்திருக்கு, மத்த கண்டிஷன் எல்லாம் பேரு காணாம போயிருமோங்கிற பயத்துல போட்டது தான். நெறய டோனர்கள் விஷயத்துல இது உண்மைன்னு அப்புறம் கவனிச்சேன்.

அடுத்து கணக்கு. நாங்க போட்டது எண்டோமென்ட், அதாவது முதல தொடாம வருமானத்த மட்டும் குடுக்குற ஃபண்ட். பொதுவா இந்த மாதிரி ஃபண்டுல வருஷத்துக்கு 4-லேருந்து 5 சதவீதம் வரைக்கும் தான் எடுப்பாங்க, அதுவும் அந்த வருஷ மதிப்புல இல்ல, போன மூணு வருஷ சராசரி மதிப்புல, மார்க்கெட் திடீர்னு விழுந்தாலும் உதவித்தொக ஒரேயடியா குறையக் கூடாதுன்னு. அதுல நிர்வாகக் கட்டணம் தனி, ஒரு சதவீதம், ஒன்றரை, சில இடத்துல ரெண்டு வரைக்கும். இதெல்லாம் தெரிஞ்சப்ப குரூப்ல பல பேருக்கு ஏமாத்தமா தான் இருந்துச்சு, இவ்வளவு போட்டும் வருஷத்துக்கு இவ்வளவு தானான்னு. எளிமையா சொன்னா, 4 சதவீதம்னா வருஷா வருஷம் குடுக்க நெனைக்கிற தொகைய மாதிரி 25 மடங்கு முதலா உள்ள இருக்கணும். அந்த அளவு சேரலன்னா எண்டோமென்ட் உங்களுக்கு சரிப்படாது, சில வருஷத்துல செலவழிச்சு முடிக்கிற ஃபண்டா வெச்சுக்கலாம், அதுக்கும் வழி இருக்கு. இப்ப படிக்கிற பிள்ளைக்கு இப்ப தேவை. நூறு வருஷம் கழிச்சு வர்ற பிள்ளைக்கும் சேத்து வெக்கிறது நல்ல எண்ணம் தான், ஆனா எல்லா பணமும் என்னென்னைக்கும் இருக்கணும்னு அவசியம் கெடையாதுங்கிறது என் கருத்து. எங்க குரூப்ல பாதிப் பேருக்கு இதுல உடன்பாடு இல்ல.

சின்னத் தொகைய வெச்சு என்ன ஆகப்போகுதுன்னு கேக்குறவங்களுக்கு கனடாவுல வின்னிபெக் ஃபவுண்டேஷன் கதைய சொல்லுவேன். 1921-ல வில்லியம் அலோவேன்னு ஒரு பேங்கர் ஒரு லட்சம் டாலர் குடுத்து ஆரம்பிச்சார், கனடாவுலயே முதல் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் அது. அதுக்கப்புறம் ரெண்டாவதா வந்த நன்கொட, 1924-ல, ஒரு கவர்ல மூணு அஞ்சு டாலர் தங்கக் காசு, மொத்தம் 15 டாலர். பைபிள்ல வர்ற ஏழை விதவையோட காணிக்கைன்னு எழுதியிருந்துச்சு, குடுத்தது யாருன்னு பேர் இல்ல. ஒரு லட்சத்துக்கு அடுத்து பதினஞ்சு. ரெண்டும் ஒரே பானையில. தனியா அந்தப் பதினஞ்சு டாலர வெச்சு ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சிருக்க முடியுமா சொல்லுங்க.

எங்க ஃபண்ட் ஓட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல, அந்த மேடம் என்கிட்ட, கிராண்ட் கமிட்டியில, அதாவது எந்த அமைப்புக்கு உதவிப் பணம் குடுக்குறதுன்னு பாக்குற குழுவுல, வாலண்டியரா வர்றீங்களான்னு கேட்டாங்க. நானும் போனேன். வெளிய இருந்து பாத்ததுக்கும் உள்ள இருந்து பாக்குறதுக்கும் ரொம்ப வித்தியாசம்ங்க.

முதல்ல புரிஞ்சது, விண்ணப்பத்துல அழகா எழுதுறவங்களும் களத்துல நல்லா வேல செய்றவங்களும் பெரும்பாலும் ஒரே ஆளா இருக்குறதில்ல. பெரிய நிறுவனத்துல விண்ணப்பம் எழுதுறதுக்கே சம்பளத்துக்கு ஆள் இருக்கும், கலர் கலரா கிராஃப் போட்டு அனுப்புவாங்க. முதியவங்கள பகல்ல பாத்துக்குற ஒரு சின்ன அமைப்பு, மொத்தம் நாலஞ்சு பேர் நடத்துறது, கையெழுத்துல ஒன்றரை பக்கம் எழுதி அனுப்பியிருந்தாங்க, பட்ஜெட் கூட்டல் கூட சரியா இல்ல. பேப்பர மட்டும் பாத்திருந்தா தள்ளிவிட்டிருப்போம். ஆனா கமிட்டியில ஒரு ரிட்டயர்டு நர்ஸ் இருந்தாங்க, அவங்க "எனக்கு அந்த இடம் தெரியும், ஒரு தடவ நேர்ல போய் பாத்துட்டு பேசுவோமே"ன்னாங்க. போனோம். அங்க ஒவ்வொரு பெரியவருக்கும் என்ன மாத்திர, எந்த நேரம், யாருக்கு பிள்ளைங்க போன் பண்றதில்ல, எல்லாம் அந்த நடத்துற பொண்ணுக்கு மனப்பாடம். கூட்டல சரி பண்ண ஃபவுண்டேஷன் ஆபீஸ்லயே ஒருத்தர் உக்காந்து உதவினார். தூரத்துல இருந்து பணம் அனுப்புற எந்தப் பெரிய அமைப்பாலயும் இத பண்ண முடியாது. உள்ளூர் ஃபவுண்டேஷனோட சொத்தே, யார் என்ன செய்றாங்கன்னு தெரிஞ்ச ஆளுங்க தான்.

அதே உள்ளூர் தான் தொல்லையும். எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. மச்சான் நடத்துற அமைப்பு, பக்கத்து வீட்டுக்காரர் போர்டுல இருக்குற கிளப், இப்படி வரும். எங்க கமிட்டியில விதி என்னன்னா, சம்பந்தம் இருந்தா முன்னாடியே எழுதிக் குடுக்கணும், அந்த விண்ணப்பம் பேசுறப்ப எழுந்து வெளிய போயிரணும், ஓட்டு மட்டும் போடாம உள்ளயே உக்காந்திருக்குறது கூட செல்லாது. ஆரம்பத்துல இதென்ன நாடகம்னு தோணுச்சு. ஆனா ஆள் முன்னாடி உக்காந்திருந்தா யாரும் வாய் திறக்க மாட்டாங்க, அது தான் நெசம். எங்க டீச்சர் ஃபண்டுக்கும் இதே மாதிரி ஒரு விதி இருந்துச்சு, பணம் போட்ட நாங்களே எந்தப் பிள்ளைக்குன்னு தேர்ந்தெடுக்க முடியாது, கமிட்டியில எங்க பக்கத்து ஆளுங்க இருக்கலாம், ஆனா பெரும்பான்மையா இருக்கக் கூடாது. அமெரிக்காவுல 2006-ல வந்த சட்டத்திலேயே இந்த மாதிரி இருக்கு. இல்லன்னா வரிவிலக்கு வாங்கிட்டு சொந்தக்காரப் பையனுக்கு ஃபீஸ் கட்டுறதுல போய் முடியும்.

ரெண்டாவது, எந்த நிபந்தனையும் இல்லாத பணம் எவ்வளவு கம்மின்னு பாத்து அதிர்ச்சியாயிட்டேன். மொத்த தொகைய பாத்தா பெருசா இருக்கும், ஆனா இது நாய்களுக்கு, இது நூலகத்துக்கு, இது அந்த ஸ்கூலுக்கு, இது இன்னார் சொன்னா தான்னு பிரிச்சு வெச்சது போக, கமிட்டி தன் இஷ்டத்துக்கு குடுக்கக் கூடியது ஒரு சின்னப் பங்கு தான். ஒரு தடவ மழை வெள்ளம் வந்து ஆளுங்க வீட்ட விட்டு வெளிய நின்னப்ப, அன்னைக்கு ராத்திரியே கம்பளியும் மருந்தும் வாங்கப் போனது அந்தச் சின்னப் பங்குலேருந்து தான். மத்த ஃபண்ட் டோனர்கள்கிட்ட போன் போட்டு அனுமதி வாங்குறதுக்குள்ள ரெண்டு மூணு நாள் ஓடிருச்சு. சில பேர் உடனே சரின்னாங்க, சில பேர் எடுக்கவே இல்ல. அதனால இப்ப யாராவது என்கிட்ட கேட்டா, போடுற பணத்துல ஒரு பகுதியாவது பொது ஃபண்டுல போடுங்கன்னு தான் சொல்றேன். அதுல உங்க பேர் வராது, நாலு பேருக்குத் தெரியாது, ஆனா வேலைக்கு ஆகுற பணம் அது தான்.

கிராண்ட் வாங்குற பக்கத்துலயும் இதே கத. எல்லாரும் புது திட்டத்துக்குத் தான் குடுக்க ஆசப்படுறாங்க. கரண்ட் பில்லுக்கும் கணக்குப் பிள்ளை சம்பளத்துக்கும் குடுக்க யாருக்கும் மனசு வராது, ஆனா அது இல்லாம திட்டம் எப்படி நடக்கும்? எங்க கமிட்டியில இத ரொம்ப நாள் வாதாடி, தெரிஞ்ச, நம்பிக்கையான அமைப்புகளுக்கு நடைமுறைச் செலவுக்கும் குடுக்கலாம்னு கொண்டு வந்தோம்.

ஒரு விஷயத்துல எனக்கு இன்னும் மனசு ஒப்பல. டோனர் ஆலோசனை ஃபண்டுன்னு ஒரு வகை, முதன்முதலா 1931-ல நியூயார்க் கம்யூனிட்டி டிரஸ்ட்ல வந்தது. பணத்த இன்னைக்கு போட்டுரலாம், வரிச்சலுகை இன்னைக்கே கெடைக்கும், யாருக்குக் குடுக்கணும்னு அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம். வசதி தான். ஆனா அமெரிக்காவுல தனியார் அறக்கட்டளைக்கு வருஷத்துக்கு 5 சதவீதமாவது குடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்கு, இந்த ஃபண்டுக்கு அப்படி எதுவும் இல்ல. அதனால சில பேரு போட்டுட்டு மறந்தே போயிருவாங்க. தர்மம் பண்ணியாச்சு, சலுகையும் வாங்கியாச்சு, ஆனா பசிச்சவன் கைக்கு ஒண்ணும் போய்ச் சேரல. நல்ல ஃபவுண்டேஷன்கள் ரெண்டு மூணு வருஷம் அசையாம கெடந்தா டோனர கூப்பிட்டுப் பேசுவோம், அப்பவும் அசையலன்னா போர்டே முடிவெடுக்கும்னு தாங்களாவே விதி வெச்சிருக்காங்க. நீங்க சேரப்போற இடத்துல அப்படி இருக்கான்னு கேளுங்க. முகம் சுளிச்சாங்கன்னா யோசிங்க.

இன்னொன்னும் கேக்கணும், மேட்சிங் இருக்கான்னு. அமெரிக்காவுல இந்தியானா மாநிலத்துல லில்லி எண்டோமென்ட்ங்கிற பெரிய அறக்கட்டளை 1990-ல ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, உள்ளூர்க்காரங்க தங்க கம்யூனிட்டி ஃபவுண்டேஷனுக்குப் பணம் சேத்தா அதுக்கு ஏத்த மாதிரி அவங்களும் போடுவாங்க. இன்னைக்கு அங்க இருக்குற 92 கவுண்டிக்கும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் சேவை இருக்கு, குக்கிராமம் உட்பட. பணத்த நேரா கொண்டு போய்க் கொட்டியிருந்தா இது நடந்திருக்காது, உள்ளூர்க்காரன் கையையும் பைக்குள்ள விட வெச்சதால தான் நடந்துச்சு. எங்க குரூப்லயும் இத சின்ன அளவுல பண்ணிப் பாத்தோம், புதுசா சேர்ற பேட்ச் போடுற தொகைக்கு சமமா வசதியான ரெண்டு பேர் போடுறேன்னு சொன்னாங்க, சும்மா இருந்த ஆளெல்லாம் கூட கொஞ்சம் கொஞ்சம் அனுப்பினாங்க.

நிர்வாகக் கட்டணத்தப் பத்தி நெறய பேர் புலம்புறாங்க, அதுல எனக்கு உடன்பாடு இல்ல. சின்ன ஃபண்ட நடத்த ஆகுற செலவு, அந்தக் கட்டணத்த விட அதிகமா தான் இருக்கும், பெரிய ஃபண்டுங்க தான் அத ஈடு கட்டுது. நீங்க பாக்க வேண்டியது முதலீட்டுக் கட்டணம் தனியா இருக்கா, ரெண்டையும் கூட்டினா எவ்வளவு, வருஷக் கடைசியில ஃபண்ட் அறிக்கை வருமா, அதுல யாருக்கு என்ன போச்சுன்னு தெளிவா இருக்கா, ஆடிட் ரிப்போர்ட் கேட்டா குடுப்பாங்களா, போர்டுல யார் யார், எத்தன வருஷத்துக்கு ஒரு தடவ மாறுவாங்க, இது தான். ஒரே ஆளுங்க இருவது வருஷமா உக்காந்திருந்தா அது ஊர் ஃபவுண்டேஷன் இல்ல, நாலு பேரோட ஃபவுண்டேஷன்.

உயில்ல எழுதி வெக்கிறவங்களுக்கு ஒண்ணு. எழுதுறதுக்கு முன்னாடி ஃபவுண்டேஷன்ல போய் பேசி, ஃபண்டோட சரியான பேரும் வாசகமும் வாங்கிட்டுப் போய் வக்கீல்கிட்ட குடுங்க. அமைப்போட பேர தோராயமா எழுதி வெச்சு, அதே மாதிரி பேருல ரெண்டு அமைப்பு இருந்து, எதுக்குப் போகணும்னு தெரியாம பிள்ளைங்க அலைஞ்சத நான் பாத்திருக்கேன். உயில்ல எழுதியிருக்கீங்கன்னு வீட்ல ஒருத்தருக்காவது சொல்லியும் வைங்க, அப்புறம் தெரிஞ்சா தான் மனஸ்தாபம்.

எங்க டீச்சர் ஸ்கூல் இன்னும் நடந்துட்டு தான் இருக்கு, ஆனா பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சுட்டே வருது, பக்கத்து ஸ்கூலோட சேக்கப் போறதா பேச்சு அடிபடுது. குரூப்ல ஒருத்தர் பதறிப்போய் நம்ம ஃபண்ட் என்ன ஆகும்னு கேட்டார். அக்ரிமென்ட் பேப்பர ஃபோட்டோ எடுத்து, ரெண்டாவது அடுக்குல கோடு போட்டு அனுப்பினேன். கட்டைவிரல் ஒண்ணு வந்துச்சு, அதுக்கப்புறம் பேச்சு யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போயிருச்சு.